பல பூனைகள் உள்ள வீட்டில் தெள்ளுப்பூச்சி: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். நான்கு வீட்டுக்குள்ளேயே இருப்பவை. ஐந்தாவது செவலை. காலையும் மாலையும் சோற்று நேரத்துக்கு மட்டும் மாடிப்படி வழியாக இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு, கூடத்துப் பாயில் அரைமணி நேரம் படுத்து எழுந்து போய்விடும். இந்த வீட்டுக்கு மூன்று முறை தெள்ளுப்பூச்சி வந்திருக்கிறது. முதல் இரண்டு முறையும் போய்விட்டது என்று மருந்தை நிறுத்தினோம், ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் முழுசாகப் போனது. பூனை வளர்க்கும் தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், ஆனால் இதற்கு அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## மருந்து வாங்கப் போவதற்கு முன்

தெள்ளு, உண்ணி, பேன் மூன்றையும் நாம் "உண்ணி" என்றே சொல்லிவிடுகிறோம். கடையில் போய் "உண்ணி மருந்து கொடுங்க" என்று கேட்டால் நாய்க்கோ மாட்டுக்கோ உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொல்லும். நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸும், மாட்டுக்குத் தடவும் டெல்டாமெத்ரினும் அப்படித்தான், பூனைமேல் படக் கூடாது. "நாய்க்கு ஒரு குப்பி, பூனைக்கு நாலு சொட்டு" என்ற கணக்கெல்லாம் வேண்டவே வேண்டாம். பெட்டியில் பூனைக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும், உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் பொருந்த வேண்டும்.

தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால், பூனை தெளிவாக இருக்கும்போதே பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை நன்றாகக் கழுவி, துடைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள், மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். காது துடிப்பது, உடம்பு உதறுவது, எச்சில் ஒழுகுவது, வலிப்பு என்று ஆரம்பித்துவிட்டால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காதீர்கள், நேராகக் கிளம்புங்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை இது.

வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படுவதிலும் பல பூனைக்கு ஆகாதவை. கற்பூரம், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், பூண்டு எல்லாமே விஷம். பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, அதனால் தோலில் பட்டது வயிற்றுக்குள் போகும். தரை துடைக்கும் ஃபினாயிலும் இந்தப் பட்டியலில்தான் வரும். வேப்பிலைப் புகை, சாம்பிராணி போட்டால் பெரிய பூச்சி நாலு அந்தப் பக்கம் நகரலாம், பாய்க்கு அடியில் இருக்கும் கூட்டுக்கு (தெள்ளின் புழு பூச்சியாக மாறும் முன் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சின்ன உறைக்கு) ஒன்றும் ஆகாது, இளைப்பு உள்ள பூனைக்குத்தான் மூச்சு முட்டும்.

## பூனை சொறிந்துகொண்டே இருக்கிறது, பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை

பூனைமேல் தெள்ளைக் கண்ணால் தேடுவது வீண். முடிக்குள் ஓடிவிடும், அகப்படுவதற்குள் பூனையே நக்கி விழுங்கிவிடும். தேட வேண்டியது அதன் எச்சத்தை.

ஈர் எடுக்கும் சீப்பு மாதிரி பல் நெருக்கமான இரும்புச் சீப்பு ஒன்று போதும், அதைப் பூனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் பூனையை நிற்கவைத்து, வால் ஆரம்பிக்கும் இடத்தில் முதுகிலும், பிறகு கழுத்தடியிலும் சீப்பைத் தோலோடு ஒட்டி இழுங்கள். மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புத் துகள்கள் வரும். அதை ஈர டிஷ்யூவிலோ நனைத்த பஞ்சிலோ வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி நிறத்தில் வட்டம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது காய்ந்த ரத்தம். எங்கள் வீட்டுக் கருப்பிக்கு முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது டிஷ்யூ முழுக்கக் குங்குமம் கரைந்த மாதிரி ஆகிவிட்டது, அதுவரை அவளுக்கு வெறும் வறண்ட தோல் என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

நிறம் மாறவில்லை என்றால் அது வெறும் தூசி. அப்போது இவற்றைப் பாருங்கள்:

- காதுக்குள் காபித்தூள் மாதிரி அழுக்கு, தலையை உதறிக்கொண்டே இருக்கிறது என்றால் காதுப்பூச்சியாக இருக்கலாம்.
- வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது மனிதர்களுக்கும் ஒட்டும், சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள்.
- முடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டி, தட்டினாலும் விழவில்லை என்றால் பேன் முட்டை. தெள்ளு முட்டை ஒட்டாது, உதிர்ந்துவிடும்.
- தோலில் தலையைப் புதைத்து அசையாமல் இருந்தால் அதுதான் உண்மையான உண்ணி.

## ஒரே ஒரு பூனைதான் அவதிப்படுகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன

"மற்றதுக்கெல்லாம் ஒன்றும் இல்லையே, அப்புறம் இதுக்கு மட்டும் எப்படித் தெள்ளு?" என்று பலர் கேட்கிறார்கள். சேர்ந்து படுக்கும் வீட்டில் ஒன்றுக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாமல் இருக்கும், இரண்டு மூன்று கடியே அதற்குப் போதும். இடுப்புக்குப் பின்னால் முடி கொட்டும், தடவினால் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொருக்குகள் கையில் தட்டும்.

முதலில் எல்லாப் பூனைக்கும் சீப்புச் சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. அடுத்தது எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து. மருந்து விட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியும் அரிப்பு குறையவில்லை, தோல் ஈரமாகிச் சீழ் வைக்கிறது, அல்லது ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்கிறது என்றால் டாக்டர்தான் பார்க்க வேண்டும். நமக்குக் கொடுத்த அலர்ஜி மாத்திரையையோ களிம்பையோ பூனைக்குக் கொடுக்காதீர்கள்.

## மருந்து விட்டாயிற்று, இன்னும் தெள்ளு இருக்கிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணங்களை எளிதிலிருந்து செலவானது வரை வரிசையாகப் பாருங்கள், பாதிப் பேருக்கு மூன்றாவதைத் தாண்டத் தேவை இருக்காது.

மருந்து விட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஃபிப்ரோனில் மாதிரி சொட்டு மருந்து முழுசாக வேலை செய்ய 24 முதல் 48 மணி நேரம் எடுக்கும். அதற்குள் தெள்ளு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இன்னொரு குப்பியை மேலே விடவும் வேண்டாம்.

விட்ட விதம் சரியில்லை. மருந்து தோலில் படவேண்டும், முடியில் அல்ல. பின்கழுத்தில், மண்டை ஓடு முடியும் இடத்தில் முடியை இரண்டாக வகிர்ந்து தோலில் விடுங்கள், அங்கேதான் அதன் நாக்கு எட்டாது. பல பூனை வீட்டில் வேறொரு சிக்கல் உண்டு. இது நக்காது, பக்கத்தில் படுத்திருப்பது நக்கிவிடும். எங்கள் பூசணி மற்ற மூன்றையும் தாய் மாதிரி நக்கிக் கொடுப்பவள், அதனால் மருந்து விடும் நாளில் ஆளுக்கொரு அறை, குளியலறை, பால்கனி என்று பிரித்துக் காயும்வரை அடைத்துவைக்கிறோம். கசப்பை நக்கிவிட்டு நுரை நுரையாக எச்சில் விட்டால் அது பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அதோடு உதறலும் சேர்ந்தால்தான் ஓட வேண்டும். ஃபிப்ரோனில் விடுவதற்கு 2 நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள்.

ஒரு பூனை விட்டுப்போயிருக்கிறது. நாங்கள் இரண்டு முறை தோற்றது இங்கேதான். நான்கு பூனைக்கும் ஒழுங்காக மருந்து விட்டோம், படுக்கை துவைத்தோம். செவலையை "அது தெருப் பூனை, நம் வீட்டுக் கணக்கில் வராது" என்று விட்டுவிட்டோம். ஆனால் அது தினமும் அரைமணி நேரம் கூடத்துப் பாயில் படுக்கிறது. ஒரு பெண் தெள்ளு ரத்தம் குடித்து ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பித்து, நாளுக்கு 40, 50 வரை இடும், அவ்வளவும் படுத்த இடத்தில் உப்புத் தூவியது மாதிரி உதிரும். நாங்கள் நான்கை சுத்தம் செய்துகொண்டிருந்தோம், ஐந்தாவது தினமும் விதைத்துவிட்டுப் போனது. மூன்றாவது முறை சாப்பிடும்போதே அதன் பின்கழுத்தில் மருந்து விட்டுப் பழக்கினோம், தட்டில் கருவாட்டுத் தலை இருந்தால் அது நிமிர்ந்துகூடப் பார்க்காது. சோறு போடும் எந்தப் பூனையும் வீட்டுப் பூனைதான் என்று எண்ணிக்கொண்டு கணக்கெடுங்கள். நாய் இருந்தால் அதற்கும் அதே நாளில், நாய்க்கான மருந்து, பெர்மெத்ரின் இல்லாததாக. முயல் வளர்த்தால் அதற்கு ஃபிப்ரோனில் ஆகாது, டாக்டரைக் கேட்டுத்தான்.

இடைவெளி விழுந்துவிட்டது. மாத மருந்து என்றால் மாதாமாதம், குறைந்தது 3 மாதம். முதல் மாதம் போட்டதும் பூச்சி காணாமல் போகும், அதை நம்பி நிறுத்தினால் கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் அடுத்த கூட்டம் வெளியே வந்து மருந்து இல்லாத பூனைமேல் ஏறும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். பூனைமேல் தெரியும் பூச்சி இருபதில் ஒரு பங்குதான், மீதி முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டில் கிடக்கிறது.

வீட்டைத் தொடவே இல்லை. இதற்கு அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

மேலே எல்லாம் சரி, 3 மாதம் ஆகியும் விடவில்லை. மருந்தை மாற்ற வேண்டிய கட்டம். செலாமெக்டின், ஃப்ளூராலனர் என்று டாக்டர் எழுதித் தரும் வேறு மருந்துகள் இருக்கின்றன, விலை கூடுதல்தான். ஒன்றின்மேல் ஒன்றாக நீங்களே போடாதீர்கள். பூனைகளை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள், ஐந்தையும் கூடையில் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை என்று பல டாக்டர்கள் சொல்லுவார்கள். அரசு கால்நடை மருத்துவமனையிலும் பூனை பார்ப்பார்கள், முதலில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

## நம் காலில் கடிக்கிறது

கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் இரண்டு மூன்று கடி வரிசையாகவோ கூட்டமாகவோ இருந்தால் தெள்ளைச் சந்தேகப்படுங்கள். காலையில் எழுந்ததும் கை, தோள், கழுத்தில் தடிப்பு, மெத்தை ஓரத் தையலில் கறுப்புப் புள்ளி என்றால் அது மூட்டைப்பூச்சி, பூனைமேல் பழி போடாதீர்கள்.

எந்த அறையில் கூடு என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுக் குனிந்து பாருங்கள். இரவில் தரையில் ஓர் அகலத் தட்டில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் கலந்து, மேலே சின்ன விளக்கைத் தொங்கவிட்டாலும் வெளிச்சத்துக்குத் தாவி விழுந்து மிதக்கும். இது ஒழிக்கும் வழி இல்லை, எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்கும் வழி. தேதி போட்டு எண்ணிக்கையை எழுதிவைத்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். எங்களுக்கு முதல் இரவு 14, மூன்றாவது வாரம் 2.

சுத்தம் செய்வதில் இடம்தான் முக்கியம். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டான சந்துக்குள் நகர்ந்துவிடும். அதனால் நடுக்கூடத்தைத் தேய்ப்பதைவிட ஓரங்களைப் பாருங்கள். பூனை படுக்கும் பாய், சோபா மெத்தைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, கால்மிதி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் போட்டுவைத்திருக்கும் சாக்கு, பழைய துணி மூட்டை. கோரைப்பாயின் இழைகளுக்கு நடுவே எவ்வளவு இருக்கும் என்பதை ஒரு முறை கறுப்புத் துணிமேல் தட்டிப் பார்த்தால் புரியும். வெள்ளைப் பொடியும் கறுப்புப் பொடியும் கலந்து கொட்டும், வெள்ளை முட்டை, கறுப்பு அந்தப் புழுவுக்கான சாப்பாடு.

துடைப்பத்தால் பெருக்கினால் முட்டை பறந்து இன்னோர் ஓரத்துக்குப் போகும். வாக்யூம் கிளீனர் இருந்தால் முதல் இரண்டு வாரம் தினமும் போடுங்கள், அதன் அதிர்வில் கூட்டிலிருந்து பூச்சி வெளியே வரும், வந்தால்தான் மருந்து போட்ட பூனையில் ஏறிச் சாகும். பையை அன்றன்றைக்கே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். வாக்யூம் இல்லாதவர்கள் ஈரத்துணியால் ஓரங்களை அழுத்தித் துடைத்து, துணியைக் கொதிநீரில் அலசுங்கள். படுக்கை, உறை எல்லாம் வாரம் ஒரு முறை 60 டிகிரிச் சூட்டில் துவைத்து மொட்டைமாடியில் உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் காயவையுங்கள், வறட்சியும் வெயிலும் புழுவைக் கொல்லும். துணியைச் சுருட்டி எடுத்துப் போங்கள், உதறிக்கொண்டே போனால் வழியெல்லாம் முட்டை கொட்டும்.

கடியோடு காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுதல், உடம்பில் சொறி என்று வந்தால் டாக்டரிடம் போங்கள், வீட்டில் பூனையும் தெள்ளும் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

## ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கூடம் முழுக்க மொய்க்கிறது

பத்து நாள் பூட்டியிருந்த வீட்டில் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் காலில் ஏறும். புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. கூட்டுக்குள் முதிர்ந்து காத்திருந்தவை நம் காலடி அதிர்வையும் உடம்புச் சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து ஒரே நேரத்தில் வெளியே வந்திருக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பூனைகளை வேறு இடத்தில் விட்டிருந்தால் மருந்து தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, தேவையானதை விட்டுவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு வாரம் தினமும் சுத்தம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிளம்பும் அன்று பாயையும் கால்மிதியையும் துவைத்துக் காயவைத்துவிட்டுப் போனால் பாதி குறையும்.

## மலத்திலோ வாலடியிலோ அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது

நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக இருக்கும்போது நெளியும், காய்ந்தால் வெள்ளரி விதை மாதிரி ஆகும். தெள்ளை விழுங்குவதால் வருவது, ஆகவே தெள்ளை விட்டுவிட்டுப் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். பிராசிக்வான்டெல் உள்ள மாத்திரையை டாக்டர் எடைக்குத் தக்கபடி சொல்லுவார், எல்லாப் பூனைக்கும் சேர்த்துக் கேளுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், குழந்தை வாயில் தெள்ளு போனால் அதற்கும் வரலாம்.

## குட்டி சோர்ந்து கிடக்கிறது

மற்றதையெல்லாம் வாரக்கணக்கில் பார்க்கலாம், இது மணிக்கணக்கு. கையகல உடம்பில் இருக்கும் கொஞ்ச ரத்தத்தை நிறையத் தெள்ளு குடித்தால் குட்டி செத்துவிடக்கூடும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், ரோஜா நிறம் இருக்க வேண்டும். வெளுத்து, வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால், உடம்பு சில்லிட்டிருந்தால், பால் குடிக்க மறுத்தால் சீப்பு, குளியல் எதுவும் வேண்டாம், துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

ஈறு நல்ல நிறத்தில் இருந்து, சுறுசுறுப்பாகவும் இருந்தால் வீட்டில் பார்க்கலாம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பெரும்பாலான சொட்டு மருந்து ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில், முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சோப்பு நுரை வையுங்கள், இல்லையென்றால் எல்லாம் முகத்துக்கு ஏறும். பிறகு உடம்பை அலசி, ஈரத்தோடே சீப்பால் வாரி, ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நன்றாகத் துவட்டி, சுடுநீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தாய்ப்பூனைக்கு எந்த மருந்து என்று டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும், அதன் மடியைத்தான் குட்டி நாள் முழுக்க நக்குகிறது.

## பூச்சிமருந்து அடிக்க ஆள் கூப்பிடும் கட்டம்

எல்லாப் பூனைக்கும் 3 மாதம் தவறாமல் மருந்து, தினமும் சுத்தம், அப்படியும் காலுறையில் ஏறுகிறது என்றால் கூப்பிடலாம். அதற்கு முன் கூப்பிட்டால் காசு வீண். எங்கள் இரண்டாவது முறையில் அதுதான் நடந்தது. வந்தவர்கள் கரப்பான் பூச்சிக்கு அடிப்பதையே கூடத்தில் அடித்துவிட்டு, "ஒரு மணி நேரத்தில் பூனையை விடலாம்" என்று சொல்லிப் போனார்கள். பாய்க்கு அடியில் ஒரு சொட்டு படவில்லை.

என்ன மருந்து என்று பெயரை எழுதி வாங்குங்கள். முட்டையும் புழுவும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் அல்லது மெத்தோப்ரீன் அதில் உண்டா, இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து அடிப்பார்களா என்று கேளுங்கள். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பைரெத்ராய்டு வகை அடிப்பதாக இருந்தால் பூனைகளை வெளியே கொண்டுபோய்விட்டு, தரை முழுசாகக் காய்ந்து காற்றாடிய பிறகே திரும்ப விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுக் குழாயை நிறுத்துங்கள், முடிந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

## இப்போது ஒன்றும் இல்லை, வராமல் இருக்க வேண்டும்

நம் ஊரில் தெள்ளு சாகிற அளவு குளிர்காலம் கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் இன்னும் பெருகும். ஆகவே வருடம் முழுக்க மாத மருந்து, காலண்டரில் ஒரே தேதி, எல்லாப் பூனைக்கும். செலவு கட்டுபடியாகாதவர்கள் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, ஆடி முதல் தை வரையாவது விடாமல் போடுங்கள். புதிதாக ஒரு பூனை வந்தால் முதல் நாளே சீப்புச் சோதனை, மருந்து, இரண்டு வாரம் தனி அறை. எலி நடமாட்டம் இருந்தால் அது வரும் வழியை அடைத்துவிடுங்கள், எலிமேலும் தெள்ளு வரும்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், ஐந்தையும் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் நிற்கவைத்து நான்கு இழுப்பு வாரிப் பார்க்கிறோம். செவலைக்கு இன்னும் மூன்று இழுப்புதான் பொறுமை. அதற்குள் வாலடியைப் பார்த்துவிட வேண்டும்.